அவள், நாம், நான், நாங்கள்: தமிழ்ப் பெண்ணெழுத்தில் தலைமுறை மாற்றம்

மகளிர் தினம் வந்துவிட்டால் நம் தமிழ்ச் சங்க மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் பேச்சு ஒன்று உண்டு. பாட்டி படிப்புக்காகப் போராடினாள். அம்மா வேலைக்காகப் போராடினாள். மகள் சுதந்திரத்துக்காகப் போராடுகிறாள். மாடிப்படி ஏறுவது போல ஒரு கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, கைதட்டலும் கிடைக்கிறது. கல்லூரிக்குப் போகும் நம் பெண்களோ வேறொரு கணக்கைப் படித்துவிட்டு வருகிறார்கள்: முதல் அலை, இரண்டாம் அலை, மூன்றாம் அலை என்று. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடந்தவற்றை வைத்துப் போட்ட கணக்கு அது. மேடைப் பேச்சு பாட்டியைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. பாடப் புத்தகத்தில் பாட்டியே இல்லை.

இரண்டையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, நம் பெண்கள் எழுதியவற்றையே வரிசையாக எடுத்துப் படித்தால் என்ன தெரிகிறது என்று பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு இலக்கணத்திலிருந்து ஒரு சிறு கருவியைக் கடன் வாங்கிக்கொள்வோம். தமிழில் தன்மைப் பன்மை இரண்டு வகை. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’. கேட்பவரை வெளியே நிறுத்தினால் ‘நாங்கள்’. ‘நம்ம வீடு’ என்பதற்கும் ‘எங்க வீடு’ என்பதற்கும் உள்ள தூரம் நாலு வயதுக் குழந்தைக்கும் தெரியும். மராத்தியிலும் தெலுங்கிலும் இந்த வேறுபாடு உண்டு. ஆங்கிலத்திலும் இந்தியிலும் கிடையாது. ‘வீ’ என்றாலும் ‘ஹம்’ என்றாலும் யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்லை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் யார் பேசினார்கள், யாரைச் சேர்த்துக்கொண்டு பேசினார்கள், யார் எழுந்து ‘என்னை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்’ என்றார்கள் என்று கேட்டுக்கொண்டே போகலாம்.

அவள்

தொடக்கத்தில் பெண் ‘அவள்’ ஆகத்தான் இருந்தாள். இரக்கத்துக்குரிய அவள், சீர்திருத்தப்பட வேண்டிய அவள். அ. மாதவையா 1903-ல் வெளியிட்ட ‘முத்துமீனாட்சி’, ஓர் இளம் விதவை தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த நாவல். நாவலில் ‘நான்’ என்று பேசுபவள் பெண், எழுதியவர் ஆண். நல்ல மனம் கொண்ட ஆண்தான், சந்தேகமில்லை. அன்றைக்கு அதை எழுதத் துணிச்சல் வேண்டும். ஆனாலும் அந்த ‘நான்’ இரவலாக வந்த ‘நான்’ என்பதை மறக்கக் கூடாது.

இரவல் வாங்காமல் நிஜத்தில் வந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. குழந்தை விதவையான அவர் 1911-ல் சென்னையில் பட்டம் பெற்றார். தன்னைப் போன்ற சிறுமிகளுக்கு இல்லம் நடத்தி, அவர்களை ஆசிரியைகளாக்கினார். அதே காலத்தில், 1912-ல், மருத்துவப் பட்டம் பெற்றவர் முத்துலட்சுமி ரெட்டி. சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண். அங்கே துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய முயற்சி 1947-ல்தான் முழுச் சட்டமாயிற்று.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. முத்துலட்சுமியின் தாயார் தேவதாசி மரபில் வந்தவர். அப்படியிருந்தும் மகள் சட்டமன்றத்தில் பேசியபோது தேவதாசிகள் ‘அவர்கள்’ ஆகத்தான் இருந்தார்கள். காப்பாற்றப்பட வேண்டிய ‘அவர்கள்’. அந்த ‘அவர்களில்’ பலர் சங்கம் சேர்ந்து, மனு எழுதி, எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றிச் சட்டம் செய்யாதீர்கள் என்று எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனி என்னும் பெண்கவியின் தெலுங்குக் காவியத்தை 1910-ல் முழுமையாகப் பதிப்பித்தவர் அவர். ஆபாசம் என்று சொல்லி அந்த நூலை அரசு தடை செய்தது. நாடு விடுதலை பெற்ற பிறகே தடை நீங்கியது. ‘ஆபாசம்’ என்ற இந்தச் சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து அது திரும்பவும் வரப்போகிறது.

முத்துலட்சுமி செய்தது தவறு என்று சொல்ல வரவில்லை. பத்து வயதுப் பெண்ணுக்குப் பொட்டுக் கட்டுவதை எந்தக் கலையின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் சட்டம் வந்தபோது அந்தப் பெண்களின் பாட்டும் ஆட்டமும் வேறு வீடுகளுக்குக் குடிபோயின. அவர்களுக்குக் கிடைத்தது மௌனம். முதல் தலைமுறையின் சாதனையும் போதாமையும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

அந்த மௌனத்தை உடைத்த நூல் ஒன்று அப்போதே வந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-ல் எழுதிய ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’. அம்மையார் அந்தச் சூழலிலேயே வளர்ந்தவர். காங்கிரசில் இருந்து சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தவர். 1938-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்றவர். நாவல் என்ற அளவில் பார்த்தால் கட்டுக்கோப்பு தளர்ந்த நூல்தான். பாத்திரங்கள் பேசத் தொடங்கினால் மேடைப் பிரசங்கமாக நீண்டுவிடும். ஆனால் தாசி வீட்டுக் கணக்கு வழக்கு, தாய்க்கிழவியின் தந்திரம், மைனர்களின் அசட்டுத்தனம் இவற்றையெல்லாம் உள்ளிருந்து சொல்லும் அந்தக் குரலில் இரக்கம் கேட்கும் தொனியே இல்லை. நையாண்டி இருக்கிறது, கோபம் இருக்கிறது. ‘அவள்’ என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் ‘நாங்கள்’ என்று ஒருத்தி பேசிவிட்டாள். இலக்கிய வரலாறு அதைக் காதில் வாங்கவில்லை. பல பத்தாண்டுகள் அந்த நூல் பேச்சிலேயே இல்லை. 2003-ல் தில்லியின் ‘காளி ஃபார் விமன்’ பதிப்பகம் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. நம் பாட்டியின் நாவல் ஆங்கிலம் வழியாக நம் பேத்தியிடம் வந்து சேர்ந்த கதை இது.

அம்மையாரின் பெயர் வேறு விதத்தில் தமிழகத்தில் நிலைத்தது. 1989-ல் தொடங்கிய ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயர். 2022-ல் அதே திட்டம் உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். ‘புதுமைப் பெண்’ திட்டம் என்று அதற்குப் பெயர். தாலிக்குக் கொடுத்த உதவி படிப்புக்குப் போயிற்று. தலைமுறை மாற்றத்தை ஓர் அரசாணையிலும் படிக்கலாம் போலிருக்கிறது!

நாம்

அடுத்து வந்த தலைமுறை ‘நாம்’ என்று பேசியது. தேசிய இயக்கம் ஒரு பக்கம், சுயமரியாதை இயக்கம் மறுபக்கம். இரண்டும் தமக்குள் சண்டை போட்டாலும் பெண்ணைப் பார்த்து ‘வா, நாம் சேர்ந்து செய்வோம்’ என்று அழைத்தன.

வை. மு. கோதைநாயகி அம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயது தாண்டியதும் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் வாயால் சொல்லி எழுதவைத்தார். 1925-ல் ‘ஜகன்மோகினி’ இதழைக் கையில் எடுத்தவர் ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். மறியல் செய்து சிறைக்கும் போனார். அவர் நாவல்களில் இன்று படிக்க நிற்பவை சொற்பமே. ஆனால் தபாலில் வந்த அந்த இதழுக்காக அடுப்பங்கரையில் காத்திருந்த பெண்களின் கூட்டம் ஒன்று உருவானதே, அதுதான் அவருடைய பெரிய படைப்பு.

சுயமரியாதை இயக்கத்தின் ‘நாம்’ இன்னும் கூர்மையானது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு மாநாடு பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நீலாவதி, குஞ்சிதம் போன்ற பெண்கள் மேடையேறிப் பேசினார்கள், எழுதினார்கள். அந்தத் தீர்மானம் சட்டமாக அறுபது ஆண்டுகள் பிடித்தன. 1989-ல் தமிழ்நாடு மூதாதையர் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தந்தது. 2005-ல் நாடு முழுவதற்கும் அது வந்தது. தந்தை 2005-க்கு முன்பே காலமாகியிருந்தாலும் மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சரி, சட்டம் வந்தது. நம் குடும்பங்களில் நடப்பது என்ன? “அண்ணன் கேட்டான், விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன்” என்று ஊருக்குப் போய்த் திரும்பும் பெண்கள் இன்றும் சொல்கிறார்கள். மூன்று தலைமுறை போராடி வாங்கியதை ஒரு நாள் காலையில் பதிவு அலுவலகத்தில் விட்டுவிட்டு வருகிறோம். அன்பினால் விட்டால் அது வேறு. பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற பயத்தினால்தானே பெரும்பாலும் விடுகிறார்கள்?

‘நாம்’ என்ற சொல்லை இலக்கியத்தில் மிக நேர்மையாகச் சோதித்துப் பார்த்தவர் ராஜம் கிருஷ்ணன் (1925–2014). எழுதுவதற்கு முன் அந்த மக்களிடம் போய்ப் பழகிப் பார்ப்பது அவர் வழக்கம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றி ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். படுகர் வாழ்க்கையை ‘குறிஞ்சித்தேன்’ ஆக்கினார். மணலூர் மணியம்மையின் வாழ்க்கையை 1991-ல் ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்று நாவலாக்கினார். தஞ்சைப் பகுதியில் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, விதவையாகி, முடியைக் கிராப் வெட்டி, வேட்டி கட்டிக்கொண்டு விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டியவர் மணியம்மை. அவர் 1953-ல் இறந்தார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து இன்னொரு பெண் எழுதியதால்தான் அந்தப் பெயர் பரவலாக நமக்குக் கிடைத்தது.

ராஜம் கிருஷ்ணனிடம் குறை இல்லாமல் இல்லை. சேகரித்த செய்திகள் சில இடங்களில் கதையின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பாத்திரங்கள் ஆசிரியரின் வாயாகிவிடுவதும் உண்டு. ஆனால் உப்பு அரித்த பாதங்களைப் பற்றி எழுதும்போது அவர் அறையில் உட்கார்ந்து கற்பனை செய்யவில்லை. ‘நாம்’ என்று சொல்வதற்கு முன்னால் அங்கே போக வேண்டும் என்ற நாணயம் அவரிடம் இருந்தது. அந்த நாணயம் இல்லாமல் ‘நாம் பெண்கள்’ என்று சொல்லும்போதுதான் அந்தச் சொல் வெறும் மேடைச் சொல்லாகிறது.

நான்

‘நாம்’ என்பதன் நடுவில் ஒரு கேள்வி எழுந்தது: இதில் ‘நான்’ எங்கே? நாட்டுக்காக, இயக்கத்துக்காக, குடும்பத்துக்காக என்று எல்லாவற்றுக்காகவும் பெண் வந்தாயிற்று. அவளுக்காக?

இந்தக் கேள்வியைத் தமிழில் அழுத்தமாகக் கேட்டவர் அம்பை. வெளிமாநிலத் தமிழர் என்ற முறையில் நாம் கொஞ்சம் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். மும்பையிலும் பெங்களூரிலும் வளர்ந்து, தில்லியில் ஆய்வு செய்து, மும்பையில் வாழ்பவர் அவர். ‘சிறகுகள் முறியும்’ தொகுப்பு 1976-ல் வந்தது, ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ 1988-ல். அதே 1988-ல் பெண்களின் குரல்களையும் படங்களையும் கடிதங்களையும் சேமிக்கும் ‘ஸ்பாரோ’ ஆவணக் காப்பகத்தை மும்பையில் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 2021-க்கான சாகித்திய அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தது.

அந்தக் காலத்தின் பின்னணியையும் பார்க்க வேண்டும். இந்தியப் பெண்களின் நிலை பற்றிய அரசுக் குழு 1974-ல் அறிக்கை தந்தது. ஆயிரம் ஆண்களுக்கு 1901-ல் 972 பெண்கள் இருந்தார்கள், 1971-ல் 930-தான் என்ற கணக்கு எல்லோரையும் உலுக்கியது. காவல் நிலையத்தில் வன்முறைக்குள்ளான மகாராஷ்டிர ஆதிவாசிச் சிறுமியின் வழக்கில் காவலர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதை எதிர்த்து 1979-ல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் எழுதிய பகிரங்கக் கடிதத்தைத் தொடர்ந்து தில்லியிலும் மும்பையிலும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. ‘எங்களுக்கு நல்லது செய்யுங்கள்’ என்று கேட்ட காலம் போய், ‘என் உடல், என் வார்த்தை, அதை நம்பு’ என்று சொல்லும் காலம் வந்தது.

அம்பையின் சமையலறைக் கதை இராஜஸ்தானக் குடும்பம் ஒன்றில் நடக்கிறது. தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி. பெரிய வீடு, மூலையில் இருண்ட சமையலறை. வெளியே பச்சை மலை இருக்கிறது, காயப்போட்ட துணிகள் அதை மறைக்கின்றன. சமையலறையை அடுத்த வராந்தாவைக் கொஞ்சம் விரிவாக்கலாமே என்று மருமகள் சொன்னால் மாமனாருக்கு அது விளங்கவே இல்லை. சமைக்கிறவளுக்கு மலை எதற்கு? இந்தக் கதையில் அடியும் உதையும் இல்லை, வரதட்சிணைக் கொடுமை இல்லை. வகை வகையாகச் சமையல் இருக்கிறது, பாசமும் இருக்கிறது. சாவியும் நகையும் யார் கையில் என்பதே தன் அதிகாரம் என்று நம்பி வாழ்ந்துவிட்ட மாமியாரிடம், இதெல்லாம் இல்லாமல் உள்ளே நீங்கள் யார் என்று மருமகள் கேட்கிறாள். கதையின் உயிர் அந்தக் கேள்வி.

இதற்கு முன்பே எழுதிய ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதையில் இன்னும் கசப்பான உண்மை வருகிறது. அம்மா ஊரில் இல்லாதபோது பெரியவளாகும் சிறுமி, அம்மா வந்து அணைத்துக்கொள்வாள் என்று காத்திருக்கிறாள். உறவுக்காரப் பெண் கறுப்பு என்று மாப்பிள்ளை வீட்டார் ஒதுக்கிவிட்ட வருத்தத்தில் திரும்பும் அம்மா, மகளிடம் சொல்லும் ஓரிரு வார்த்தைகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆணாதிக்கம் ஆணின் வாயிலிருந்து மட்டும் வருவதில்லை. மிக நெருங்கிய, மிகப் பிரியமான வாயிலிருந்தும் வரும். தலைமுறைகளைப் பற்றிப் பேசும் எவரும் இந்தக் கதையைத் தாண்டிப் போக முடியாது.

இதே ஆண்டுகளில் நம் அம்மாக்களும் அத்தைகளும் அதிகம் படித்தது அம்பையை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். லக்ஷ்மி, சிவசங்கரி, இந்துமதி, வாஸந்தி ஆகியோரின் தொடர்கதைகளைத்தான் கிழித்து, தைத்து, பைண்டு பண்ணி, தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் ஜாம்ஷெட்பூருக்கும் சுமந்து வந்தார்கள். கடைசி அத்தியாயத்தில் பெரும்பாலும் சமாதானம் ஆகிவிடும் கதைகள். இருந்தாலும் வேலைக்குப் போகும் பெண்ணின் சம்பளக் கவர் யார் கையில் போக வேண்டும் என்ற விவாதத்தைச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொண்டுவந்தவை அவைதான். தீவிர இலக்கியம் இவற்றைத் தள்ளிவைத்ததில் கொஞ்சம் அவசரம் இருக்கிறது.

நாங்கள்

அம்பையின் ‘நான்’ படித்தவள், பயணம் போகிறவள், தனக்கென்று ஓர் அறை கேட்கிறவள். சமையலறையை விட்டு வெளியே வா என்பது அவளுக்குச் சரி. விடியற்காலையில் எழுந்து அடுத்தவர் வயலுக்குப் போய், இருட்டிய பிறகு வந்து அடுப்பு மூட்டும் பெண்ணிடம் போய் ‘வெளியே வா’ என்றால்? அவள் வெளியேதானே இருக்கிறாள்!

1989-ல் சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ வந்தது. தலித் பெண் ஒருவர் எழுதிய முதல் தமிழ் நாவல்களில் ஒன்று. தலித் தலைவர் ஒருவரையே, அவர் வீட்டுப் பெண்களின் கண் வழியாக விசாரிக்கிறது அது. வெளியே சாதிக்கு எதிராக நிற்பவர் வீட்டுக்குள் எப்படி இருக்கிறார்? பிறகு 1997-ல் ‘ஆசிரியர் குறிப்பு’ என்ற பகுதியை எழுதி, தன் நாவலையே தான் கேள்விக்குட்படுத்தினார். தமிழில் அப்படிச் செய்தவர்கள் மிகக் குறைவு.

1992-ல் பாமாவின் ‘கருக்கு’, 1994-ல் ‘சங்கதி’. ‘சங்கதி’யில் கதாநாயகி கிடையாது, நேர்கோட்டுக் கதையும் கிடையாது. பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரி என்று பேச்சு பேச்சாகப் போகிறது. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி. மேல்சாதிப் பெண்ணுக்குச் சுவர் உண்டு, நம்ம பொம்பளைக்குச் சுவரும் இல்லை பாதுகாப்பும் இல்லை. ஆனால் பிடிக்காத புருஷனை விட்டு வரும் வழக்கம் உண்டு, சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கும் தெம்பு உண்டு, குலவையும் பாட்டும் உண்டு. இதை எல்லாம் வீட்டு வழக்கிலேயே எழுதினார் பாமா. கொச்சை என்று மூக்கைச் சுளித்தவர்கள் இருந்தார்கள். அந்த ‘நாங்க’ என்ற சொல்லைச் செந்தமிழில் எழுதியிருந்தால் பாதி அர்த்தம் போயிருக்கும்.

‘நாங்கள்’ என்று சொன்னால் இயக்கம் பிளவுபடாதா என்று அப்போது கேட்டார்கள். இப்போதும் கேட்கிறார்கள். ஒரு உதாரணம் பார்ப்போம். இராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசுப் பெண்கள் திட்ட ஊழியர் பன்வாரி தேவி, குயவர் சாதியைச் சேர்ந்தவர். அதற்காகவே 1992-ல் ஆதிக்க சாதி ஆண்களால் வன்முறைக்கு ஆளானார். வன்புணர்வுக் குற்றச்சாட்டிலிருந்து விசாரணை நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தச் சம்பவத்தை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் போட்ட வழக்கில்தான் 1997-ல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா நெறிமுறைகள் வந்தன. அவை 2013-ல் சட்டமாயின. இன்று குருகிராமிலோ பவாயிலோ நம் மகள் வேலை செய்யும் அலுவலகத்தில் புகார்க் குழு உறுப்பினர் பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தாளுக்கு விலை கொடுத்தவள் ஒரு கிராமத்துப் பெண். பலன் வந்தபோது ‘நாம்’; இழப்பு வந்தபோது ‘அவள்’. பிளவை உண்டாக்கியது யார் என்று இப்போது சொல்லுங்கள்.

நானும்

2000-ஐ ஒட்டிக் கவிஞர்கள் வந்தார்கள். சல்மா, குட்டி ரேவதி, மாலதி மைத்ரி, சுகிர்தராணி. நால்வரும் ஒரே மாதிரி அல்லர். சல்மா சிறுமியாகப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள் ஒளித்து ஒளித்து எழுதியவர். 2001-ல் உள்ளாட்சித் தலைவரும் ஆனார். சுகிர்தராணி தலித் பெண்ணுடலின் மீது ஏறியிருக்கும் வரலாற்றை எழுதுபவர். குட்டி ரேவதியின் ‘முலைகள்’ 2002-ல் வந்தபோது சில ஆண் கவிஞர்களும் திரைப்பாடலாசிரியர்களும் கூச்சல் போட்டார்கள். என்ன சொல்லித் திட்டினார்கள்? ‘ஆபாசம்’. நாகரத்தினம்மாளின் பதிப்புக்கு வெள்ளைக்கார அரசு சொன்ன அதே சொல். ஆண் பாடினால் சிருங்காரம், பெண் பாடினால் ஆபாசம் என்னும் அளவுகோல் அரசு மாறியும் மாறவில்லை.

இந்தக் கவிதைகள் செய்த பெரிய காரியம், உடலை வர்ணனைப் பொருளாக இருந்த நிலையிலிருந்து பேசும் இடமாக மாற்றியது. பின்னால் வந்த பலர் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு அனுபவத்தை விட்டுவிட்டார்கள். அதனால் ‘உடல்மொழிக் கவிதை’ ஒரு அச்சாகவும் போயிற்று. அது முன்னோடிகளின் குற்றமில்லை.

2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து மகாஸ்வேதா தேவியின் ‘திரௌபதி’ கதையோடு, பாமா, சுகிர்தராணி இருவருடைய எழுத்துகளையும் நீக்கியது. நம் பிள்ளைகள் படிக்கும் பல்கலைக்கழகம். இரண்டு தமிழ்ப் பெண்கள் மொழிபெயர்ப்பில் அங்கே போய் உட்கார்ந்திருந்தார்கள் என்பதே நம்மில் பலருக்கு அவர்கள் வெளியேற்றப்பட்ட பிறகுதான் தெரிந்தது.

2018-ல் இந்தியாவில் ‘மீ டூ’ வந்தது. தமிழில் அது ‘நானும்’. இந்த ‘உம்’ விகுதியைக் கவனியுங்கள். தனியாக நின்ற ‘நான்’ இன்னொருத்தியின் ‘நான்’ பக்கத்தில் போய் நிற்கிறது. தயக்கத்தோடு சேரும் சேர்க்கை அது. இளைய தலைமுறையிடம் இருக்கும் புதிய பலம் இதுதான்: நடந்ததைச் சொல்ல வெட்கப்பட வேண்டியவர் யார் என்பதை மாற்றிப் போட்டது. பலவீனமும் கூடவே இருக்கிறது. கையில் கைபேசியும், பெயரைச் சொன்னால் கேட்கும் நாலு பேரும் இருப்பவளால்தான் ‘நானும்’ என்று சொல்ல முடிகிறது. வீட்டு வேலைக்கு வரும் அம்மா எங்கே போய்ச் சொல்வாள்?

நம் வீடுகளில்

இந்தக் கேள்வி வெளிமாநிலத் தமிழருக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது. தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்த மதராஸி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டது. பல பத்தாண்டுகளாக அங்கே இருந்த தமிழ்க் குடும்பங்களின் பெண்களில் பலர் சுற்றுப்புறத்தில் வீட்டு வேலை செய்தவர்கள். தகுதி உண்டு என்று முடிவானவர்களுக்கு நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். வேலை ஜங்புராவில், வீடு நரேலாவில் என்றால் முதலில் போவது அந்தப் பெண்ணின் சம்பாத்தியம். அவளும் தமிழ்ப் பெண். நம் சங்கங்களின் மகளிர் தின அழைப்பிதழ் அவளுக்குப் போயிருக்குமா? ‘நாம் தமிழ்ப் பெண்கள்’ என்று மேடையில் சொல்லும்போது அவள் அந்த ‘நாமில்’ இருந்தாளா?

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: தலைமுறைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் போகும் மாடிப்படியாக நம் எழுத்தில் தெரியவில்லை. ஒவ்வொருத்தியும் முந்தியவளிடம் ‘நீ சொன்ன கணக்கில் நான் இல்லையே’ என்று முறையிட்டிருக்கிறாள். அந்த முறையீடுதான் நம் மரபு. முத்துலட்சுமி பேசியிராவிட்டால் இராமாமிர்தம் பதில் சொல்லியிருக்க முடியாது. அம்பை சமையலறையைத் திறந்து காட்டியிராவிட்டால் ‘எங்கள் அடுப்பு வேறு’ என்று பாமா சொன்னதன் முழு வலி நமக்குப் புரிந்திருக்காது. நல்ல எழுத்து வந்த இடங்களெல்லாம் யாரோ ஒருத்தி தன்னைச் சேர்க்காத ‘நாம்’ என்ற சொல்லை ஒத்துக்கொள்ள மறுத்த இடங்கள்.

ஆகவே நம் வீட்டுப் பெண் சங்கத்தின் கோலப் போட்டிக்கு வர மாட்டேன் என்றால், “மகளிர் அணின்னா காபி, சுண்டல், குத்துவிளக்கு மட்டும்தானா? செயற்குழுவில் எத்தனை பேர் பெண்கள்?” என்று கேட்டால், பெரியவர்கள் மனம் நோகத் தேவையில்லை. ஆங்கிலப் படிப்பு கெடுத்துவிட்டது என்றும் சொல்ல வேண்டாம். தமிழ் படிக்கத் தெரியாமலே தமிழ்ப் பெண்ணெழுத்தின் வேலையை அவள் செய்துகொண்டிருக்கிறாள். அவளுக்கு நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சங்க நூலகத்தில் பாமாவும் அம்பையும் சிவகாமியும் சல்மாவும் தமிழிலும் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். மாதம் ஒரு கதையை அம்மா தமிழில் வாசிக்க, மகள் மொழிபெயர்ப்பில் பின்தொடரலாம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவையும் உட்காரச் சொல்லிக் கேட்கலாம்; ‘சங்கதி’ அவளுக்கு யாரும் விளக்க வேண்டிய நூல் அல்ல. அன்றைக்கு அந்த அறையில் யாராவது ‘நாம்’ என்று சொன்னால், அதற்கு யார் தலையாட்டுகிறார்கள், யார் பேசாமல் இருக்கிறார்கள் என்று மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும்.